ஐப்பசிப் பேய்கள்

இலையுதிர் காலம் என்ற சொல்லை நாமெல்லாம் பாடப் புத்தகத்தில்தான் பார்த்தோம். தஞ்சாவூர்ச் சீமையில் அப்படி ஒரு காலம் தனியாகக் கிடையாது. அரசமரமும் ஒதியமரமும் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டும். வாசல் பெருக்குகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும், அந்தச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி ‘கொலையுதிர் காலம்’ என்று சுஜாதா குமுதத்தில் ஒரு தொடர்கதை எழுதினார். இலை உதிராத ஊர்களிலெல்லாம் அதைப் பயந்து பயந்து படித்தார்கள். வாராவாரம் பத்திரிகை வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டையே நடக்கும்.

இலை உதிர்வதற்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? குளிர்நாடுகளில் நிறையச் சம்பந்தம் இருக்கிறது. அங்கே செப்டம்பர் பிறந்து மரமெல்லாம் சிவக்க ஆரம்பித்ததும், புத்தகப் பிரியர்கள் தங்களுக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொள்கிறார்கள். அக்டோபர் 31, அதாவது ஹாலோவீன் முடிகிற வரைக்கும் பேய்க்கதை, பாழடைந்த மாளிகைக் கதை, ரத்தம் குடிக்கும் பிரபுக்கள் கதை என்று மட்டுமே படிக்க வேண்டும். யார் எத்தனை படித்தார்கள் என்று கணக்கும் உண்டு.

கனடாவில் இருக்கும் என் தம்பி மகள் போன வருஷம் என்னையும் இதில் இழுத்துவிட்டாள்.

“பெரியப்பா, மினிமம் நாலு புக். ரெடியா?”

“பேய்க்கு எதுக்கும்மா சீசன்? அது என்ன மாம்பழமா?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது. படிச்சமா, பயந்தமான்னு இருக்கணும்.”

சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எனக்கு செப்டம்பர் ஒத்துவராது. வெயில் மண்டையைப் பிளக்கும்போது டிராகுலாவுக்கே வியர்க்கும். ஐப்பசி 1-ல் ஆரம்பித்து கார்த்திகை முடிய வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால், பேய்க்குச் சீசன் இருக்கத்தான் செய்கிறது. புரட்டாசியில் மகாளய பட்சம். செத்துப்போன முன்னோர்கள் பதினைந்து நாள் பூமிக்கு வந்து தங்குகிறார்கள் என்று திருவையாற்றுப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். தஞ்சாவூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று எல்லா ஊரிலும் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, தூறலில் அணைந்து அணைந்து போகிற மெழுகுவத்தியைத் திரும்பத் திரும்பக் கொளுத்துவார்கள். அயர்லாந்துப் பக்கத்துப் பழைய ஜனங்கள், அறுவடை முடிந்து இருட்டுக்காலம் தொடங்கும் ராத்திரியில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஹாலோவீன். மூன்று ஊர் ஜனங்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே, ஏறக்குறைய ஒரே பருவத்தில் தங்கள் செத்தவர்களை வரவழைத்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் இந்தப் பருவத்துக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர். தொல்காப்பியர் அதையும் நள்ளிரவான யாமத்தையும் சேர்த்துக் குறிஞ்சிக்குக் கொடுத்துவிட்டார், காதலர்கள் ரகசியமாகச் சந்திப்பதற்காக. காதலர் வருவதற்கு ஏற்ற நேரமும் பேய் வருவதற்கு ஏற்ற நேரமும் ஒன்றுதான். ஊர் அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதானே!

ஐப்பசி அடைமழையை டெல்டாவில் அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நட்டு முடித்த சம்பா வயலில் பயிருக்கு மேல் தண்ணீர் நிற்கும். எது வயல், எது வாய்க்கால் என்று தெரியாது. மூன்று நாளாகச் சூரியன் வந்திருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரன்ட் போகும். அப்புறம் ஓட்டின் மேல் மழை, கொல்லையில் தவளை, வீட்டுக்குள் நீங்கள். படிப்பதற்கு இதைவிட நல்ல பேய் நேரம் எந்த தேசத்தில் கிடைக்கும்?

உலகத்தின் பெரிய பேய்க்கதைகளில் ஒன்று அடைமழையில்தான் பிறந்தது. 1815-ல் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானத்தை மூடியதில் அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை. 1816 ஜூனில் ஜெனிவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில், வெளியே போக முடியாமல் சில இளவட்டங்கள் அடைந்து கிடந்தார்கள். பொழுது போகாமல் ஜெர்மன் பேய்க்கதைகள் படித்தார்கள். அது சலித்ததும், ‘ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்’ என்றார் கவிஞர் பைரன். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அப்போது 18 வயது. மேரி. அவள் எழுதி முடித்து 1818-ல் வெளிவந்ததுதான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. மழை விட்டிருந்தால் படகில் சுற்றப் போயிருப்பார்கள்!

இந்த வகை நாவல்களுக்கு கோதிக் என்று பெயர். என்ன அர்த்தம் என்று இலக்கணம் பேசினால் நமக்குப் புரியாது. நம் ஊர்ப் பழமொழியிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை.’ கடன்காரன் வாசலில் நிற்கிறான், அப்பா நெல் கொட்டும் குதிருக்குள் ஒளிந்திருக்கிறார், பிள்ளை இப்படிச் சொல்லி மாட்டிவிடுகிறான். கோதிக் நாவல் முழுக்க இதுதான். பெரிய வீடு. அதில் பூட்டிய அறை ஒன்று. ‘அங்கே ஒன்றுமில்லை, நீ போகாதே’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். 300 பக்கம் தள்ளிப் போய்ப் பார்த்தால் உள்ளே யாரோ இருப்பார்கள். வெளியே ஒரு கடன் பாக்கி இருக்கும்.

‘ஜேன் அயர்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1847-ல் வந்தது. பெரிய வீட்டுக்கு வாத்தியாரம்மாவாகப் போகிறாள் ஏழைப்பெண் ஜேன். ராத்திரியில் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம். பேயோ என்று பயப்படுகிறாள். பேயில்லை. வீட்டுக்காரரின் முதல் மனைவி பெர்தா, ஜமைக்காவிலிருந்து பெருத்த சீதனத்தோடு கட்டிக்கொண்டு வந்தவள். பைத்தியம் என்று மாடியில் பூட்டி வைத்திருக்கிறார். நாவலில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் பேச்சில்லை, உறுமல்தான். நூறு வருஷத்துக்கு மேல் எல்லோரும் அவளைப் பார்த்துப் பயந்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்கள். 1966-ல் ஜீன் ரைஸ் என்ற அம்மாள், தானும் கரீபியன் தீவில் பிறந்தவர், ‘அந்தப் பெண்ணுக்கு என்னதான் ஆச்சு?’ என்று கேட்டு அவள் பக்கத்துக் கதையை ‘வைட் சர்காஸோ ஸீ’ என்று தனி நாவலாக எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதல் புத்தகத்தில் பேயாக இருந்தவள் இரண்டாவதில் மனுஷியாகிவிடுவாள். எனக்கு அந்த இரண்டாவது புத்தகம்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

‘ரெபக்கா’ (1938) பற்றி ஒரு வரி: பேயே வராத பேய்க்கதை, பிரமாதம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் வடுவூர். பறவைகள் சரணாலயத்துக்காக இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு காலத்தில் வடுவூர் என்றால் துரைசாமி ஐயங்கார் (1880-1942). ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ என்று எழுதித் தள்ளினார். பின்னதை 1950-ல் ‘திகம்பர சாமியார்’ என்று படமாக எடுத்தபோது நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அசத்தினார். ‘மேனகா’வில் பேய் கிடையாது. ஆனால் அந்தப் புகுந்த வீடு இருக்கிறதே... எந்த டிராகுலா கோட்டைக்கும் குறைந்ததில்லை. கூடப் பிறந்தவன் பெண்டாட்டியை விற்கவே துணிகிற நாத்தனார்கள்! நடை இன்றைக்குக் கொஞ்சம் இழுவை. ஐயங்கார் ஒரு பெண்ணின் அழகை வர்ணிக்க ஆரம்பித்தால் நீங்கள் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் கதை விடாது.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை நீங்கள் படித்திருப்பீர்கள். 1943. திருநெல்வேலிக்காரர் என்றாலும் பேய்ப் பட்டியலில் அவரை விட முடியாது. நடுராத்திரியில் வரும் ஒரு வாசனை, வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு பிச்சைக்காரி. பயப்படுகிறவள் மனைவி அல்ல. ஊருக்கெல்லாம் கதை எழுதிப் பிழைக்கிற கணவன். வந்தவள் யார் என்று கடைசிவரை புதுமைப்பித்தன் நமக்குச் சொல்லவில்லை. 80 வருஷமாகியும் அந்த வாசனை போகவில்லை.

ஆனால் காவிரிக்கரையின் அசல் பேய் நாவல் எது என்று என்னைக் கேட்டால் ‘காதுகள்’ என்பேன். எழுதியவர் கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராம். மணிக்கொடியில் சின்ன வயதிலேயே எழுத வந்தவர். பட்டு ஜரிகை வியாபாரம் செய்து, நொடித்து, எழுதியே குடும்பம் நடத்தியவர். நாவலின் நாயகன் மகாலிங்கத்தின் காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. ஒன்றல்ல, கூட்டமாக. கெட்ட வார்த்தை பேசும், பரிகசிக்கும், சாமி என்று சொல்லிக்கொள்ளும், அவர் சாப்பிடும்போதும் சாமி கும்பிடும்போதும் விடாது. வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மனைவி இருக்கிறாள், குழந்தைகள் இருக்கிறார்கள், அரிசி வாங்கக் காசில்லை. இந்த இரைச்சலுக்கு நடுவில் அந்த மனிதர் எழுந்து வேலைக்கும் போக வேண்டும். பாழடைந்த மாளிகை வேண்டாம், வௌவால் வேண்டாம். ஒரு மனிதனின் இரண்டு காதுகள் போதும் என்று காட்டிவிட்டார் எம்.வி.வி. தானே வருஷக்கணக்காகப் பட்ட அவஸ்தையிலிருந்து எழுதியது அது. 1993-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது.

டாக்டர்கள் இதற்கு ஒரு பெயர் சொல்வார்கள், மருந்தும் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிக் குரல் கேட்டால் தயவுசெய்து அவர்களிடமே அழைத்துப் போங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில், பேய் பிடித்தவர்கள் என்று சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் கொட்டகை தீப்பிடித்து, ஓட முடியாமல் செத்துப்போனார்கள். ஜேன் அயர் வீட்டு மாடி ரொம்ப தூரத்தில் ஒன்றும் இல்லை.

கொள்ளிவாய்ப் பிசாசை விட்டுவிட்டால் டெல்டாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரைச் சதுப்பில் பூங்குழலி அந்த நெருப்பை வந்தியத்தேவனுக்குக் காட்டி, ‘இவர்கள்தான் என் காதலர்கள்’ என்பாள் இல்லையா? சேற்றுக்குள் அழுகுவதிலிருந்து கிளம்பும் மீத்தேன் போன்ற வாயுக்கள் எரிவதுதான் அது என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது. அத்தோடு அந்தப் பயம் தீர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? அதே மீத்தேனை மன்னார்குடி வட்டாரத்து நிலத்தடியிலிருந்து எடுக்கப்போகிறோம் என்று திட்டம் வந்தபோது, 2013-ல் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். அந்தப் பிரசாரத்தில் இருக்கும்போதே பட்டுக்கோட்டைப் பக்கம் காலமானார். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. அதுவரை எங்கள் ஜனங்கள் பிசாசின் பெயரை மாற்றி வைத்துக்கொண்டு பயந்தார்கள்!

எங்கள் அப்பாயி ஒரு பேய்க்கதை சொல்வாள். புத்தகத்தில் இல்லாத கதை. வெண்ணாற்றிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலில் ஒரு மதகு உண்டு. அமாவாசை ராத்திரி அதன்மேல் ஒருத்தன் உட்கார்ந்திருப்பானாம். தலையில் முண்டாசு, தோளில் மண்வெட்டி. கடிக்க மாட்டான், அறைய மாட்டான். போகிறவர் வருகிறவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பான்.

“தண்ணி வந்துடுச்சா?”

வந்துடுச்சு என்று சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவான். பதில் சொல்லாமல் ஓடினால் பின்னாலேயே வருவான். பண்ணை வீட்டு வயலுக்கு ராத்திரி முறைத் தண்ணீர் பாய்ச்சப் போனவன், மதகடியில் பாம்பு கடித்துச் செத்தானாம். ராத்திரியில் வண்டி கட்ட முடியாது, விடியட்டும் என்று பண்ணை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். வயலுக்குத் தண்ணீர் எட்டியதா என்று தெரியாமலே போய்விட்டான்.

“அவன் பேரு என்ன அப்பாயி?”

“பண்ணையாளு. பேரு என்னத்துக்கு?”

சின்ன வயதில் நான் அந்த முண்டாசுக்குத்தான் பயந்தேன். இப்போது ஜேன் அயரையும் ஜீன் ரைஸையும் படித்த கையோடு நினைத்துப் பார்க்கும்போது, அப்பாயி சொன்ன பதில்தான் முதுகில் சில்லென்று இறங்குகிறது. எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த காலம் இருந்தது. பண்ணையாள்களைப் பாதுகாக்கச் சட்டம் வந்ததே 1952-ல்தான். போலீஸில், கோர்ட்டில் சொல்ல முடியாத ஒரு வழக்கை அந்த ஆள் செத்த பிறகு மதகில் உட்கார்ந்து நடத்தியிருக்கிறான். ஊரும் அதை மறக்காமல் இருக்க, பேய்க்கதையாக மாற்றி வைத்துக்கொண்டது. பண்ணை வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கதையைக் கேட்டுத்தானே வளர்ந்திருப்பார்கள்?

பெயர் இருந்தும் நியாயம் கிடைக்காதவர்கள் கீழ்வெண்மணியில் இருக்கிறார்கள். கூலியாகக் கூட அரைப்படி நெல் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி, ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை அப்படியே வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். ஹைகோர்ட்டில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். காரெல்லாம் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நடந்து போய்த் தாங்களே தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லையாம். குதிருக்குள் யாருமே இல்லை!

இந்திரா பார்த்தசாரதி இதை வைத்து எழுதிய ‘குருதிப்புனல்’ 1977-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. மிராசுதாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக்குறைவைக் காரணமாக முடிச்சுப் போட்டது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஒரு ஊரே சேர்ந்து செய்ததை ஒரு உடம்பின் கோளாறாகச் சுருக்கிவிடுகிறது அது. ஆனாலும் படியுங்கள். கூடவே சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’லையும் படியுங்கள். தம்பி மகளுக்கு என் பட்டியலை அனுப்பியபோது இந்த இரண்டையும் சேர்த்திருந்தேன். “இது பேய்க்கதை இல்லையே பெரியப்பா?” என்று கேட்டாள். “நீ படி, அப்புறம் பேசு” என்றேன். ‘செந்நெல்’ அங்கே கிடைக்கவில்லையாம். தபாலில் அனுப்பினேன். புத்தகத்தின் விலையைவிடத் தபால் செலவு பல மடங்கு. கடலைத் தாண்டுகிற பேய்க்குச் சுங்கம் அதிகம்போல.

மதகுப் பேயைச் சொன்னேன் அல்லவா? மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. அதில் ஒரு வருஷம், புரட்டாசி மாசம், வேதாரண்யம் போகிற வழியில் கடைமடை கிராமம் ஒன்றில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பட்டப்பகல். மதகுக் கட்டையில் முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மேற்கேயிருந்து வருகிறோம் என்று வண்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது போலும். கையைத் தூக்கிக் கேட்டார்.

“ஏந்தம்பி, கல்லணையத் தாண்டி வந்திங்களா? தண்ணி வந்துடுச்சா?”

வந்துடுச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீயை வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.